எதிர்காற்றில் தாழ்வான அடி: 7 அயர்னிலிருந்து 5 அயர்னுக்கு

ஸ்காட்லாந்தின் ராயல் ட்ரூன் கோல்ஃப் மைதானத்தில் வழக்கமான காற்று வீசினால் முதல் ஒன்பது குழிகளும் பின்காற்றில் ஓடிவிடும். திரும்பி வரும் ஒன்பதில் காற்று முகத்தில் அறையும். காற்றுக்கு அடியில் பந்தைத் தாழ்வாக அனுப்பும் இந்த அடி அங்கேதான் தேவைப்படுகிறது. (எல்லா அளவுகளும் வலக்கை ஆட்டக்காரருக்கு.)

முதலில் செய்து பார்த்தது, பெரும்பாலோர் செய்வதைத்தான்: 7 அயர்ன் (அயர்ன் என்பது உலோகத் தலை கொண்ட கிளப், அதாவது கோல்ஃப் மட்டை; எண் குறைந்தால் பந்து தாழ்வாகவும் தூரமாகவும் போகும்), பந்து வலது கால் பக்கம், மேலிருந்து ஓங்கி ஒரு வெட்டு. பந்து தாழ்வாகத்தான் கிளம்புகிறது. பாதி வழியில் மேலேறி, காற்றில் நின்று, பொத்தென்று விழுகிறது. காரணம் பின்சுழற்சி. தேர்ந்த ஆட்டக்காரரின் 7 அயர்ன் பந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 7000 சுற்று சுழலும்; அதுதான் பந்தைத் தூக்குவது. எதிர்காற்றில் அந்தத் தூக்கல் இன்னும் கூடும். ஓங்கி அடிக்க அடிக்கச் சுழற்சியும் ஏறும். பந்தை மிகவும் பின்னே வைத்தால் கிளப்பின் முன்விளிம்பு மண்ணில் குத்துகிறது, பந்து வலப்பக்கம் தள்ளிப்போகிறது.

ஆக, பந்தைத் தாழ்த்துவது பலம் அல்ல, குறைந்த வேகம். அடுத்து 5 அயர்ன். பிடியை 2 முதல் 3 சென்டிமீட்டர் கீழே இறக்க வேண்டும். கால்களுக்கு இடையே வழக்கத்தைவிடச் சற்றுக் குறுகலான இடைவெளி. பந்து நடுவில், மிஞ்சினால் ஒரு பந்து அகலம் பின்னே, அதற்கு மேல் வேண்டாம். எடையில் 60 சதவீதம் இடது காலில், அடி முடியும்வரை அங்கேயே. இடது கை தரைக்கு இணையாக வந்ததும் பேக்ஸ்விங்கை (கிளப்பைப் பின்னே தூக்குவதை) நிறுத்திவிடலாம். முடிவில் கைகள் மார்பு உயரத்தைத் தாண்டக் கூடாது.

இந்தக் கடைசி அளவுதான் மற்றவற்றைவிட அதிகம் உதவியது. கைகள் தோளுக்கு மேலே போய் முடிந்தால் எங்கோ வேகம் கூட்டியிருக்கிறோம் என்று அர்த்தம். ஆனால் கையை மட்டும் பிடித்து நிறுத்தினால் மார்பும் நின்றுவிடும், மணிக்கட்டு புரண்டு பந்து இடப்பக்கம் வளையும். வயிற்றை இலக்கை நோக்கித் திருப்பிக்கொண்டே போனால் இது நேராகிவிடுகிறது.

காற்றில்லாத நாளில் பத்துப் பந்து அடித்து அளந்துகொள்வது அவசியம். முழு வீச்சில் 160 யார்டு போகும் 5 அயர்ன் இப்படி அடித்தால் 140 யார்டு அளவில் நிற்கும். காற்றின் கணக்கு தனி: எதிர்காற்று மணிக்கு 10 மைல் என்றால் தூரத்தோடு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும். பின்காற்றில் அதில் பாதிதான் லாபம்.

உயரமான ஈரப்புல்லில் கிளப்புக்கும் பந்துக்கும் நடுவே புல் சிக்குவதால் தூரத்தை நம்ப முடியாது. கிரீனின் (குழியைச் சுற்றியுள்ள மழித்த புல்தரையின்) வாசலை பங்கர் எனும் மணல் பள்ளம் அடைத்திருந்தாலும் இந்த அடி கைகொடுக்காது. பந்து விழுந்து உருண்டு போக வழி வேண்டும்.