இன்றைக்கு யாருக்கு ரிலீஃப்?

காலையில் கையெழுத்துப் போட்டவுடன் நாங்கள் எல்லோரும் தேடுவது ரிலீஃப் கொப்பியைத்தான். வராத ஆசிரியரின் வகுப்பை அன்றைக்கு யார் பார்ப்பது என்று உப அதிபர் அதில் எழுதி வைப்பார். லீவில் நிற்பவருக்காக ஒரு நாள் போய் நிற்பதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஆனால் எங்கள் தரம் 10க்குக் கணித ஆசிரியரே இல்லை. இருந்தவர் இடமாற்றத்தில் போய்விட்டார், பதிலுக்கு யாரும் வரவில்லை. வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டால் "ஆள் கிடைத்ததும் அனுப்புகிறோம்" என்கிறார்கள். அதுவரை கணிதப் பாடவேளை எல்லாமே ரிலீஃப்தான்.

கொழும்பு வடக்கில் தமிழ் மொழிமூல மாகாணப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ரிலீஃபுக்கு நான் போனால் தெரிந்த அளவு கணிதம் செய்விப்பேன். அடுத்த நாள் சங்கீத டீச்சர் போவார். அவர் பாவம், பிள்ளைகளைச் சத்தம் போடாமல் வைத்திருப்பதைத் தவிர வேறு என்ன செய்வார்?

பின்னேரம் சில பிள்ளைகள் கொட்டாஞ்சேனையில் டியூஷனுக்குப் போய், வகுப்பில் தவறியதைப் பிடித்துவிடுகிறார்கள். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை வேலை செய்பவரின் மகனுக்கு அது முடியாது. போன கிழமை அவன் கொப்பியைக் கொண்டுவந்து, "டீச்சர், இருபடிச் சமன்பாடு இந்தத் தவணைக்கு வருமா?" என்று கேட்டான். திகதி எழுதி, தலைப்புக்குச் சிவப்பில் கோடு போட்டு, கீழே பக்கம் முழுக்க வெறுமையாக விட்டிருந்தான். "இன்டர்வலுக்கு ஆய்வுகூடத்துக்கு வா மகன்" என்றேன். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில் வந்த இலவசக் கல்வியில்தான் நானும் படித்தேன். புத்தகம் இலவசம், சீருடைத் துணி இலவசம், எல்லாம் சரி. சாதாரண தரப் (சா/த.) பரீட்சையில் கட்டாயமான ஒரு பாடத்தை வெளியே காசு கொடுத்துப் படி என்றால், அந்த வீட்டுக்கு எது இலவசம்?

ரிலீஃப் பறிப்பது என் ஓய்வை மட்டுமல்ல. அந்த நேரத்தில்தான் செய்முறைக்கு ஆயத்தம் செய்வேன். அமிலமா காரமா என்று காட்டும் பாசிச்சாயத்தாள் முடிந்தால் செவ்வரத்தம்பூவை அவித்த தண்ணீரை வைத்துச் சமாளிப்போம். தேசிக்காய்ப் புளி விட்டால் சிவக்கும், சவர்க்காரத் தண்ணீர் விட்டால் பச்சையாகும். பிள்ளைகளுக்கு அது பெரிய சந்தோஷம். பார்க்க வருகிறவர்களும் பாராட்டுவார்கள். பாராட்டிவிட்டுப் போவார்கள், தாள் வராது. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிப் போட்டார்களே, அந்த நெருக்கடிக்குப் பிறகு ஃபோட்டோகொப்பிச் செலவு பெரும்பாலும் எங்கள் கைக்காசுதான்.

1997இலிருந்து இழுபட்ட சம்பள முரண்பாட்டுக்காக 2021இல் மாதக்கணக்கில் போராடினோம். அப்போது "பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கிறார்கள்" என்று ஏசினார்கள். ஒரு வகுப்புக்குத் தவணைக் கணக்கில் கணிதமே நடக்காதபோது யாரும் ஏசுவதில்லை. எனக்கு ஆற்றாமையாக இருப்பது அதுதான்.

இனிக் கடிதத்தோடு விடுவதில்லை. பெற்றோரையும் கூட்டிக்கொண்டு வலயத்துக்கு நேரே போவதாக இருக்கிறோம். உங்கள் பிள்ளையும் அரச பாடசாலையில் படித்தால், அடுத்த கூட்டத்தில் நேரசூசியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்தப் பாடத்துக்கு நேரே ஆசிரியர் பெயர் இல்லையோ, அதை எழுத்தில் கேளுங்கள். நாங்கள் கேட்டால் சம்பளத்துக்காகக் கேட்கிறோம் என்பார்கள். உங்களை அப்படிச் சொல்ல முடியாது.