எமர்ஜென்சி மெடிசின்: எந்த ஊரில் படிக்கலாம்?

ஹவுஸ் சர்ஜன் முடிக்கப்போகிற தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அக்கா, எமர்ஜென்சி எடுக்கலாம்னு இருக்கேன். இங்கேயே எம்.டி. பண்ணட்டுமா, வெளியே போகட்டுமா?" நான் படித்ததும் வேலை பார்ப்பதும் வேலூரில். கூடப் படித்த ஒருவன் இங்கிலாந்தில் பயிற்சியில் இருக்கிறான், ஒருத்தி அமெரிக்காவில். போனில் பேசினால் பேச்சு கேஷுவாலிட்டியில்தான் போய் நிற்கும்.

இந்தச் சிறப்புப் பயிற்சியின் வருடக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 3 அல்லது 4 வருடம். 1970-லேயே அங்கே சின்சினாட்டி நகரில் இதைத் தொடங்கிவிட்டார்கள். இங்கிலாந்தில் ஃபவுண்டேஷன் என்கிற 2 வருடப் பொதுப் பயிற்சிக்கு அப்புறம் 6 வருடம். கனடாவில் நேராகப் போனால் 5, குடும்ப மருத்துவம் வழியாக 2+1. நமக்கு 2009-ல்தான் தனித்துறை அங்கீகாரம் கிடைத்தது, எம்.டி. 3 வருடம்.

இதில் எனக்கு ஏக்கம் தருவது இங்கிலாந்தின் அந்த 6 வருடத்தில் முதல் இரண்டு வருடம். அனஸ்தீசியாவில் (மயக்க மருந்துத் துறையில்) 6 மாதம், ஐசியுவில் 6 மாதம் கட்டாயம். நண்பன் ஆபரேஷன் தியேட்டரில், வெறும் வயிற்றோடு அமைதியாகப் படுத்திருக்கும் நோயாளிக்கு, சீனியர் பக்கத்தில் நிற்க, மூச்சுக்குழாயில் டியூப் போட்டுப் பழகினான். நம் பிள்ளைகளில் பலருக்கு முதல் டியூப்பே பூச்சி மருந்து குடித்து, வாயில் நுரை தள்ள, வாந்தியோடு வருகிறவருக்குத்தான். ஒரு கையில் சக்‌ஷன், மறு கையில் தொண்டைக்குள் பார்க்கிற லாரிங்கோஸ்கோப், காலடியில் அழுகிற அம்மா.

ஆனால் அந்த நோயாளிக்கு முறிவு மருந்தான அட்ரோபினை 5 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், கண் பாப்பாவை மட்டும் நம்பாமல், நெஞ்சில் ஸ்டெத் வைத்து இரைச்சல் அடங்கிவிட்டதா என்று கேட்டு நிறுத்துகிற பழக்கம் இங்கேதான் கைவரும். பாம்புக்கடியும் அப்படித்தான். வேலூரைச் சுற்றியுள்ள அணைக்கட்டு, ஒடுகத்தூர் ஊர்ப் பக்கமிருந்து நிலத்தில் கடிபட்டு வருவார்கள், சிலர் அடித்த பாம்பைப் பையில் போட்டுக்கொண்டு. காய்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் விட்டு, 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்போம். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் வகை விஷம் வேலை செய்கிறது. இங்கிலாந்துக் காட்டில் இருக்கிற ஒரே விஷப் பாம்பு ஆடர். நண்பன் இந்தச் சோதனையை அங்கே செய்ததே இல்லை.

அமெரிக்கத் தோழி சொல்வதில் எனக்கு முக்கியமாகப் படுவது நேரக் கட்டுப்பாடும் மேற்பார்வையும். எமர்ஜென்சியில் ஒரு ஷிஃப்ட் 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, நோயாளி பார்க்கும் நேரம் வாரத்துக்கு 60 மணிக்குள் இருக்க வேண்டும். நடு இரவானாலும் கன்சல்டன்ட் தளத்திலேயே இருப்பார். நம் பக்கம் பல இடங்களில் இரவு இரண்டு மணிக்கு முதல் வருட பிஜி (மேற்படிப்பு மாணவர்)தான் முடிவெடுக்கிறார், கன்சல்டன்ட் போனில் இருக்கிறார். நெடுஞ்சாலையில் லாரி மோதி ஒரே குடும்பத்தில் நான்கு பேர் வரும்போது போன் போதாது. கேஸ் நிறையப் பார்த்தால் தானாக வந்துவிடும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தப்பாகப் பழகினாலும் அதுவும் கைப்பழக்கமாகிவிடும். திருத்த ஆள் வேண்டும்.

அதனால் என் பதில்: இந்த மண்ணில்தான் வேலை பார்க்கப் போகிறீர்கள் என்றால் இங்கேயே சேருங்கள். ஆனால் கவுன்சலிங்குக்கு முன்னால் அந்தக் கல்லூரியின் இரண்டாம் வருட பிஜியைப் பிடித்து, ராத்திரி டியூட்டியில் கன்சல்டன்ட் கூட இருக்கிறாரா, அனஸ்தீசியாவுக்கும் குழந்தைகள் ஐசியுவுக்கும் எத்தனை மாதம் அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். தனியார் மருத்துவமனைகளில் எம்.இ.எம். (மாஸ்டர்ஸ் இன் எமர்ஜென்சி மெடிசின்) என்று ஒரு படிப்பு இருக்கிறது, அதற்கு தேசிய மருத்துவ ஆணையத்தின் (என்எம்சி) அங்கீகாரம் கிடையாது, தெரிந்துகொண்டு சேருங்கள். இங்கிலாந்தின் ராயல் காலேஜ் நடத்தும் எம்ஆர்சிஇஎம் எழுதுவதும் நல்லதுதான். ஆனால் அது தேர்வு, இங்கிலாந்துப் பயிற்சிக்கு ஈடாகாது.