அப்பாவின் சேடக் நீலம்

உலோகம் வார்க்கும் ஃபவுண்டரிகளுக்கு, அச்சு எடுப்பதற்கான மாதிரியை, அதாவது பேட்டர்னை, மரத்தில் செய்து கொடுப்பது என் தொழில். கோவையில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பம்பு உறைக்கும் அதனுள் சுழலும் இம்பெல்லருக்கும் உருக் கொடுத்த கை இது. மகள் எலக்ட்ரிக் கிட்டார் கேட்டபோது, பட்டறையில் மிஞ்சிக் கிடந்த மகோகனிப் பலகைதான் முதலில் நினைவுக்கு வந்தது. கம்பிகளை விரலால் அழுத்தும் நீண்ட கழுத்துப் பகுதியான நெக்கை மட்டும் ஆயத்தமாக வாங்கிக்கொண்டேன். உடல் பகுதியை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வெட்டி, குடைந்து, இழைத்துவிட்டேன். அதற்கு வண்ணம் பூசி முடிக்க நான்கு மாதங்கள் ஆயின.

என்ன வண்ணம் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அப்பாவின் பஜாஜ் சேடக் இன்னும் வீட்டில் நிற்கிறது. அதன் டிக்கிக் கதவைக் கழற்றி, கணபதிப் பகுதியில் கார்களுக்கு வண்ணம் கலந்து கொடுக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். கார் என்றால் வண்ணக் குறியீடு இருக்கும், எந்திரம் அளவு சொல்லிவிடும். இதற்குக் கண்தான் குறியீடு. அவர் கதவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெளிப்பக்க நீலமா, உள்பக்க நீலமா? இரண்டும் வேறு வேறு அண்ணா" என்றார். வெயிலில் வெளுத்த வெளிப்பக்கம்தான் என் மகளுக்குத் தெரிந்த சேடக். வெயில் படாத உள்பக்கம், நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது அப்பாவின் கைகளுக்கிடையே முன்னால் நின்றுகொண்டு போன வண்டி. உள்பக்கத்தையே கலக்கச் சொன்னேன்.

அவர் கலந்ததை அருகிலிருந்து பார்த்தேன். வெள்ளையில் நீலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். கடைசியில் ஒரே ஒரு துளி கறுப்பு. ஒவ்வொரு முறையும் தகட்டில் தடவி, காயவிட்டு, வாசலுக்குப் போய் வெயிலில் கதவோடு சேர்த்துப் பிடித்தார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். டியூப் லைட்டுக்குக் கீழே ஒத்துப்போவது வெயிலில் ஒத்துப்போவதில்லை. ஏழாவது தகட்டில்தான் அவருக்குத் திருப்தி வந்தது.

கார் பெயின்டை இசைக்கருவிக்கு அடிக்கலாமா என்று நண்பர்கள் கேட்டார்கள். கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் இருந்த ஃபெண்டர் தொழிற்சாலை 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களிலும் செய்தது இதைத்தான். டூபான்ட் நிறுவனம் கார்களுக்காகத் தயாரித்த வண்ணங்களையே வாங்கிக் கிட்டார்களுக்கு அடித்தார்கள். ஃபியஸ்டா ரெட் ஃபோர்டு தண்டர்பேர்டிலிருந்து வந்தது; சோனிக் ப்ளூவும் லேக் பிளாசிட் ப்ளூவும் காடிலாக்கிலிருந்து வந்தவை. இந்த வண்ணங்களுக்கு விலையில் 5 சதவீதம் கூடுதல். ஆகவே ஸ்கூட்டர் நீலத்தில் ஒரு கிட்டார் என்பது எனக்கு முழுக்க நியாயமாகவே பட்டது.

தவறு வேறு இடத்தில் நடந்தது. தகரம் எதையும் குடிக்காது. மகோகனி குடிக்கும். அதன் நுண்துளைகளை அடைக்காமல் பிரைமர் அடிக்கக் கொடுத்தது என் அவசரம். பளபளவென்று வந்த கிட்டாரை இரண்டு வாரம் கழித்துச் சாய்த்துப் பார்த்தால், நீலத்துக்கடியில் துளைகளெல்லாம் கோடு கோடாக இறங்கியிருந்தன. மரம் தெரியும்வரை எல்லாவற்றையும் தேய்த்து எடுத்தேன். பிறகு எபாக்சிப் பசையைப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் இழுத்து இழுத்துத் துளைகளில் ஏற்றினேன். காய்ந்ததும் தேய்த்துவிட்டு இன்னொரு முறை. அதன்மேல் பிரைமர் மூன்று கோட்டிங். ஒரு மாதம் தொடவே இல்லை. இறங்குவதெல்லாம் அதற்குள் இறங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீலமும், அதன்மேல் வரும் நிறமற்ற பூச்சான கிளியரும் பெயின்டிங் பட்டறையில்தான் அடித்தோம். கிளியரை இறுகவைக்கக் கலக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. நுரையீரலைக் கெடுத்து ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடக்கூடியது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் அடிக்கிறேன் என்று யாரும் கிளம்பவேண்டாம், தயவுசெய்து. வெளிக்காற்றுக் குழாய் வைத்த முகமூடி உள்ள இடமாகப் பார்த்துக் கொடுங்கள்.

அடிப்பதற்கு முன் நெக் உட்காரும் குழியை மாஸ்கிங் டேப்பால் மூடினேன். அங்கே பெயின்ட் ஏறினால் நெக் இறங்காது, அடித்து இறக்கினால் ஓரம் விரிசல் விடும். கிளியர் நன்றாக இறுகியபின் 1500, 2000 எண் வாட்டர் பேப்பர், பிறகு ரப்பிங் காம்பவுண்ட். விளிம்புகளைத் தாளால் தொடவே இல்லை. அங்கே கிளியர் மெலிதாக இருக்கும், இரண்டு இழுப்பில் நீலம் கையோடு வந்துவிடும். திருகு போடும் துளைகளின் வாயைச் சற்றுப் பெரிய டிரில் பிட்டை விரலால் சுழற்றி அகலமாக்கினேன். இல்லாவிட்டால் திருகு ஏறும்போது கிளியர் வெடிக்கும்.

டேப்பை உரித்தபோது அந்தக் குழி மட்டும் செம்பழுப்பாக, வெறும் மரமாக இருந்தது. நெக் கைக்கு இறுக்கமாக உள்ளே போனது. கிட்டாரைத் தூக்கிப் பார்த்த அம்மா வேறெதுவும் கேட்கவில்லை, "வண்டி புதுசா எடுத்தப்ப இப்படித்தான் இருந்தது" என்றார்.

கலந்த நீலத்தில் நூறு மில்லி அளவுக்கு மிச்சம் இருக்கிறது. ஹார்ட்னர் சேராததால் மூடி இறுக்கி வைத்தால் கெடாது. சேடக்கின் முன் மட்கார்டில் ஓரிடத்தில் துரு ஏறியிருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் அதைத் தேய்த்து அங்கே அடிக்கவேண்டும்.