சாவி திரும்பாத ஆல்டோ: பூட்டை உடைக்காமல் எடுத்த விதம்

வண்டி பழைய ஆல்டோ, மேனுவல் கியர். சரிவான தெருவில் முன்சக்கரம் நடைபாதைக் கல்லில் முட்டியபடி நின்றிருந்தது. சாவி உள்ளே முழுதாகப் போனது. ஆனால் மயிரிழைகூடத் திரும்பவில்லை. ஸ்டியரிங்கும் இறுகிக் கிடந்தது. இந்த நேரத்தில் பலரும் செய்வது, கட்டிங் பிளேயரால் சாவியைப் பிடித்துத் திருகுவது. அதை மட்டும் செய்துவிடாதீர்கள். சாவி முறிந்து பாதி உள்ளே தங்கிவிட்டால் பத்து நிமிட வேலை ஒரு நாள் வேலையாகிவிடும்.

பேட்டரி மீது சந்தேகப்படவும் வேண்டாம். இது முழுக்க இயந்திரப் பூட்டு. பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் சாவி திரும்ப வேண்டும். சாவி திரும்பி செல்ஃப் எடுக்கவில்லை என்றால்தான் பேட்டரி பேச்சே.

முதலில் ஸ்டியரிங். சாவியை உருவிய பிறகு பூட்டுக்குள்ளிருந்து ஓர் இரும்பு முளை நீண்டு, ஸ்டியரிங் தண்டிலுள்ள பள்ளத்தில் விழும். டயர் கல்லில் முட்டியிருந்தால் அதன் முறுக்கம் முழுவதும் அந்த முளையின் பக்கவாட்டில் ஏறிவிடும். முளை பின்வாங்காமல் சாவி திரும்பாது. ஸ்டியரிங்கை இரு பக்கமும் அசைத்துப் பார்த்தால் கைக்கே தெரியும்: ஒரு பக்கம் சுவர் மாதிரி நிற்கும், மறுபக்கம் ஸ்பிரிங் மாதிரித் துளி இடம் கொடுக்கும். இடம் கொடுக்கும் பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டே, மறு கையால் சாவியை இரண்டு விரல் பலத்தில் மட்டும் திருப்ப வேண்டும். முளை விடுபட்டால் ‘டக்’ என்று கேட்கும். கை பலம் போதாவிட்டால், சக்கரத்துக்கு அண்டக்கல் கொடுக்க ஓர் ஆளை வைத்துக்கொண்டு, நியூட்ரலில் வண்டியை நாலு விரற்கடை கல்லைவிட்டு நகர்த்தினாலே முறுக்கம் இறங்கிவிடும். ஆட்டோமேட்டிக் வண்டியில் சாவி ஆஃப் நிலைக்குத் திரும்பவில்லை, வெளியே வரவில்லை என்றால் கியர் லீவர் முழுமையாகப் ‘பி’யில் (பார்க்கிங் நிலையில்) விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த ஆல்டோவில் ஸ்டியரிங் இறுக்கம் தளர்ந்தது, சாவி அப்போதும் திரும்பவில்லை. அப்படியென்றால் கோளாறு சாவியில், இல்லையேல் சாவி நுழைந்து சுழலும் பூட்டின் உருளையான சிலிண்டரில்.

சிலிண்டருக்குள் வரிசையாக மெல்லிய பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குட்டி ஸ்பிரிங். சாவியின் வெட்டுகள் அத்தனை தகடுகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தால்தான் சிலிண்டர் சுழலும். ஒரே ஒரு தகடு துருத்தி நின்றாலும் போதும், திரும்பாது. சாவியை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தோம். கூராக இருக்க வேண்டிய மேடுகள் நாணயத்தின் ஓரம் போல மழுங்கியிருந்தன. வெட்டுகளின் அடியில் மஞ்சள் நிறத்தில் பித்தளைப் பொடி. சாவியும் தேய்கிறது, உள்ளே தகடும் தேய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இந்தச் சாவிக்கு இரு விளிம்பிலும் வெட்டு உண்டு. புரட்டிப் போட்டால் தகடுகளுக்கு மறு விளிம்பு கிடைக்கும். புரட்டியும் அசையவில்லை. அடுத்து, சாவியை முழுதாகச் செருகி, ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே இழுத்துத் திருப்பியதும் திரும்பிவிட்டது! இப்படித் திரும்பினால் சாவி தேய்ந்துவிட்டது என்று தயங்காமல் சொல்லலாம். அதிகம் புழங்காத ஸ்பேர் சாவி உடனே திரும்பினாலும் அதே முடிவுதான்.

இரண்டு சாவியுமே அடம்பிடித்தால் சிலிண்டரில் அழுக்கு, அல்லது சிக்கிய தகடு. டார்ச் அடித்துத் துவாரத்தைப் பாருங்கள். ஏதாவது முறிந்த துண்டு இருந்தால் முதலில் அதை எடுக்க வேண்டும். பிறகு டபிள்யூடி-40 ஸ்பிரேயை மெல்லிய குழாய் வைத்து ஒரே ஒரு சின்ன அழுத்து. சாவியைப் பத்துப் பதினைந்து முறை செருகி உருவி, ஒவ்வொரு முறையும் துணியில் துடைக்க வேண்டும். கறுப்பு நின்றால் போதும். அதிகம் அடித்தால் பின்னாலிருக்கும் மின் சுவிட்சுக்குள் வழியும். எஞ்சின் ஆயில், தேங்காய் எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம். தூசியைப் பிடித்துப் பசையாக்கிவிடும். காய்ந்த பிறகு 2பி பென்சில் முனையைச் சாவியின் இரு விளிம்பிலும் தேய்த்துப் போட்டு எடுத்தால், அந்தக் கிராஃபைட்டே போதுமான வழவழப்புத் தரும். சாவியை லேசாகத் திருப்பியபடி ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் சாவித் தலையில் மெதுவாகத் தட்டினால், சிக்கிய தகடு இறங்குவதும் உண்டு.

திரும்பியாயிற்று என்று விட்டுவிடக் கூடாது. மழுங்கிய சாவியைக் கொடுத்து டூப்ளிகேட் போட்டால் மெஷின் அந்தத் தேய்மானத்தையும் சேர்த்து நகல் எடுக்கும். வண்டி வாங்கும்போது சாவியோடு வந்த சின்ன உலோகத் தகட்டில் சாவி எண் இருக்கும். அந்த எண்ணை வைத்து வெட்டச் சொல்லுங்கள். இம்மொபிலைசர் (சாவியின் சிப்பை அடையாளம் கண்டால்தான் எஞ்சினை ஓடவிடும் திருட்டுத் தடுப்பு) உள்ள வண்டி என்றால் புதுச் சாவியின் சிப்பையும் வண்டியோடு பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் சாவி திரும்பும், எஞ்சின் பிடிக்காது. வீட்டுச் சாவி, பீரோ சாவி எல்லாம் கோத்த கொத்தை இக்னிஷனில் தொங்கவிடாதீர்கள். ஆடி ஆடி அந்த எடைதான் தகட்டைத் தின்கிறது. 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் கோபால்ட் உள்ளிட்ட கார்களைத் திரும்ப அழைத்தது வேறொரு கோளாறுக்காக: அதில் சுவிட்சின் பிடிப்பு பலவீனமாக இருந்ததால், ஓடும்போதே சாவி ஆஃப் பக்கம் நழுவியது. அப்போதும் நிறுவனம் சொன்ன தற்காலிக வழி, வளையத்தில் கார் சாவியை மட்டும் வைத்து ஓட்டுங்கள் என்பதே.

எண் பார்த்து வெட்டிய சாவிக்கும் திரும்பாவிட்டால் சிலிண்டரை மாற்றத்தான் வேண்டும். ஏர்பேக் உள்ள வண்டியில் முதலில் 10 எம்எம் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருங்கள். பல வண்டிகளில் சாவியை ஏசிசி நிலைக்கு (ஆஃப்க்கு அடுத்த முதல் நிலை) திருப்பி, சிலிண்டரைப் பிடித்திருக்கும் சின்ன முளையை அழுத்தினால்தான் சிலிண்டர் வெளியே வரும். எனவே எப்படியாவது ஒரு முறை திரும்பியிருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. பூட்டு மொத்தமாகக் கழற்ற வேண்டியதாக இருந்தால், அதைப் பிடித்திருப்பவை தலை முறிக்கப்பட்ட போல்ட்டுகள். உளியாலோ டிரில்லாலோ எடுக்க வேண்டும். புதியதைப் பொருத்தும்போது போல்ட்டைக் கையிறுக்கத்தோடு நிறுத்தி, சாவியைப் பலமுறை போட்டு, ஸ்டியரிங் பூட்டி விடுபடுகிறதா என்று பார்த்த பிறகுதான் தலை முறியும் வரை முறுக்க வேண்டும்.