கொடுவாவைத் திரும்ப விட்டது

கொடுவா மீனைப் பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விடுவது சரியா என்று யார் கேட்டாலும் சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். காரணமும் சொல்வேன். கொடுவா முதலில் ஆணாக முதிரும். சில வருஷம் போய், நல்ல பெரிய மீனான பிறகு பெண்ணாக மாறும். அதனால் முகத்துவாரத்துப் பக்கம் ஏழெட்டு கிலோவில் ஒன்று மாட்டினால் அது அநேகமாக முட்டை போடும் பெண்தான். ஒரு தடவைக்கு லட்சக்கணக்கில் முட்டை போடும். அப்படிப்பட்ட மீனை ஒரு நாள் விலைக்காக எடுத்துவிடக் கூடாது. கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகில் தூண்டில் போட வருகிறவர்களுக்கு நான் வழிகாட்டி. கரையில் அவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடும்போதே இதையும் சொல்லிவிடுவேன். அதுவும் என் வேலையில் சேர்ந்ததுதான்.

ஆனாலும் போன சீசனில் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டுக் கழியில் ஒரு காலையில் நடந்ததை நினைத்தால், இந்தக் காரணங்கள் வாயில் வருகிற வேகத்துக்கு மனதில் நிற்பதில்லை.

அன்றைக்கு வந்தவர் சென்னை ஓஎம்ஆர் ரோட்டில் வேலை பார்ப்பவர். கூடவே இரண்டு நண்பர்கள், ஆளுக்கொரு கயாக்கில். கடல் தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. மடவை மீன் கூட்டம் துள்ளுகிற இடத்தைக் காட்டி, அதற்கு இந்தப் பக்கமாகப் பிளாஸ்டிக் மீனை வீசச் சொன்னேன். மாட்டியது. அவருடைய முதல் பெரிய மீன். கயாக்கையே இழுத்துக்கொண்டு போனது. ரீல் கத்துகிறது, அவர் கை நடுங்குகிறது, "ப்ரோ, ப்ரோ" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. நான் என் கயாக்கை ஒட்டிக் கொண்டுபோய் மீனைக் கீழ்த்தாடையில் பிடித்தேன். கொடுவாவின் வாய்க்குள் பல் அரம் போலச் சொரசொரப்பாகத்தான் இருக்கும், கட்டைவிரலை ஒன்றும் செய்யாது. செவுள் மூடிதான் ஆபத்து, ஓரம் பிளேடு. வெயில் பட்டதும் கண் சிவப்பாக மின்னியது. எட்டு கிலோவுக்குக் குறையாது.

அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ப்ரோ, என்ன பண்ணலாம்? வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா, விட்டுடலாமா?"

"விட்டுடலாம் ப்ரோ. முட்டை மீன்" என்றேன்.

யோசிக்காமல் சொன்னேன் என்று சொல்ல முடியாது. இந்த வேலைக்கு என்னை எடுத்தவர் முதல் நாளே சொல்லியிருந்தார், பெரிய கொடுவா என்றால் விடச் சொல்லு என்று. எனக்கும் அதில் சம்மதம்தான். மீனைப் பிடித்தவரும் உடனே சரி என்றார். அப்புறம் படம் எடுத்தார்கள். அவர் தனியாக, நண்பர்களோடு, மீனை மடியில் வைத்து, தூக்கிப் பிடித்து. நான் "சீக்கிரம், சீக்கிரம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவருடைய சந்தோஷத்தைப் பார்த்தால் அதற்கு மேல் கடிந்து சொல்ல வாய் வரவில்லை. பணம் கட்டி வந்திருக்கிறார். இந்தப் படம்தான் அவருக்கு மீன்.

பிறகு நான் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, மீனின் வயிற்றுக்கு அடியில் கை கொடுத்து, வாய்க்குள் தண்ணீர் போகிற மாதிரி முன்பக்கமாக மெல்ல நகர்த்திக்கொண்டே நின்றேன். செவுள் ஆட ஆரம்பித்தது. வால் ஒரு தரம் அடித்தது. கையை எடுத்தேன். போனது. நேராகப் போகவில்லை, ஒரு பக்கம் சாய்ந்தாற்போலப் போனது. கலங்கல் தண்ணீர். அதற்கு மேல் தெரியவில்லை.

பக்கத்தில் வீச்சு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் நின்றிருந்தார். முழுசையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இன்னா தம்பி, வுட்டுட்டியா?"

"ஆமாண்ணே. முட்டை மீன்."

"பொயக்காது அது. சாஞ்சிக்கினு போவுது பாத்தியா?"

"பொழச்சிரும்ணே."

"வோணாம்னா என்னாண்ட குட்த்திருக்கலாமே. நாலு நாளா வலைல பொடிதான் ஏறுது."

அதற்கு நான் சொன்ன பதில்: "அது அவரு புடிச்ச மீனுண்ணே. அவரு இஷ்டம்."

பெரியவர் கோபப்படவில்லை. "செரி" என்றார். எந்த ஊர் என்று கேட்டார். தூத்துக்குடி என்றேன். அப்பா என்ன செய்கிறார் என்றார். லாஞ்சுக்கு, அதாவது விசைப்படகுக்குப் போகிறார் என்றேன். "அவுரு வலைல இது ஏறியிருந்தா?" என்று கேட்டார். அதற்குள் அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார்கள், நான் போய்விட்டேன்.

இவ்வளவுதான் நடந்தது. சண்டை இல்லை, யாருக்கும் அடிபடவில்லை. வந்தவர் சந்தோஷமாகப் போனார், கையில் பணமும் வைத்துவிட்டுப் போனார்.

'அவரு இஷ்டம்' என்று சொன்னேனே, அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அது பொய் கிடையாது. மீனைப் பிடித்தவர் அவர், என்ன செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையும் அவருடையது. வழிகாட்டியாகப் போகிறவன் வாடிக்கையாளர் பிடித்த மீனைத் தூக்கி மூன்றாவது ஆளிடம் கொடுக்க முடியாது. ஆனால் அவர் என்னைத்தானே கேட்டார்? "அந்தப் பெரியவருக்குக் கொடுத்துடலாம் ப்ரோ" என்று சொல்லியிருந்தால் அதற்கும் சரி என்றிருப்பார். நல்ல மனுஷன். படம் எடுத்தாயிற்று, அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. முடிவு என் வாயிலிருந்துதான் போனது.

நான் சென்னைக்கு வந்த கதை பெரிதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் திருவள்ளூரிலிருந்து கன்னியாகுமரி வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. அப்பா வீட்டில் இருப்பார், அரசு கொடுக்கிற நிவாரணத்தில் மாதம் ஓடாது. பொங்கல் முடிந்து வந்தால் தடைக்காலம் முடிகிற வரை இங்கே வேலை இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். கோவளத்தில் ரூம் எடுத்துக்கொண்டேன்.

கடலோரத்தில் பிறந்தவன் என்றாலும் கயாக் எனக்குப் புதுசு. எங்கள் பக்கம் மன்னார் வளைகுடாவின் தீவுகள் இருக்கின்றன, அந்தப் பக்கம் இலங்கை. கரைக்கு வரும் அலைக்கு வேகம் குறைந்திருக்கும். கோவளத்தில் வங்கக்கடல் நேராக வந்து கரையில் விழுகிறது. பெரிய அலைகள் அடுத்தடுத்து வந்து ஓய்கிற வரை காத்திருந்து, ஓய்ந்ததும் தயங்காமல் துடுப்புப் போட வேண்டும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் இங்கே கயாக்கில் தூண்டில் போடுகிறவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே கார் மேலே கயாக்கைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒருவர் பல் டாக்டர். ஒருவர் ராயபுரத்துக்காரர், சின்ன வயதில் காசிமேட்டுக் கல்லில் உட்கார்ந்து வெறும் தங்கூஸ் நரம்பில் மீன் பிடித்தவர், இப்போது மிதித்து ஓட்டுகிற கயாக் வைத்திருக்கிறார். கொக்கியின் முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டால் மீனுக்குக் காயம் குறையும், கழற்றுவதும் சுலபம் என்று காட்டிக்கொடுத்தவர் அவர். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அதன் மேல் இருக்கிற வழுவழுப்பு உரிந்துவிடும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். ஊரில் நாங்கள் மீனைத் தொடுவது கூடையில் போடத்தான். உயிரோடு திருப்பி அனுப்புவதற்காகத் தொடுகிற வழக்கம் ஏது?

இவர்களிடம் நடந்ததைச் சொன்னேன். பல் டாக்டர், நீ செய்தது நூற்றுக்கு நூறு சரி, அந்த மீன் இருந்தால்தான் நாளைக்கு அந்தப் பெரியவருக்கே மீன் என்றார். கேட்க ஆறுதலாக இருந்தது. ராயபுரத்து அண்ணன் அதைப் பேசவே இல்லை. "எவ்ளோ நேரம் வெளிய வெச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டினார். பெரிய மீனைத் தாடையில் பிடித்துத் தொங்கவிட்டாலே அதன் எடையே அதற்குக் கேடு, தண்ணீர் சூடாக இருந்தால் அதில் பிராணவாயுவும் குறைவு, ரொம்ப நேரம் போராடிய மீன் அந்தத் தண்ணீரில் தேறுவது கஷ்டம் என்றார். "வுடறதுன்னா தண்ணிலயே வெச்சி வுடு. படத்துக்கு அப்புறம் வுடறதெல்லாம் பாதி வுடறதுதான்."

அதன் பிறகுதான் பெரியவர் சொன்ன இன்னொன்று உறுத்த ஆரம்பித்தது. பொயக்காது என்றாரே. சொன்னவர் வாழ்நாளெல்லாம் அந்தத் தண்ணீரில் நிற்கிற ஆள். மீன் செத்திருந்தால் என் காரணம் என்ன ஆகிறது? முட்டையும் இல்லை, அவருக்குச் சோறும் இல்லை, ஒரு படம் மட்டும் இருக்கிறது. பிழைத்திருந்தால் நான் சொன்னதெல்லாம் சரி. எது நடந்தது என்பது கடைசி வரை எனக்குத் தெரியப்போவதில்லை. தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு அவரிடம் "பொழச்சிரும்ணே" என்று எந்த தைரியத்தில் சொன்னேன்?

அப்படியும் ஒரேயடியாக என்னைக் குறை சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லை. சாய்ந்து போகிற மீனெல்லாம் சாவதில்லை. கொஞ்ச நேரம் அடியில் கிடந்து தேறிக்கொள்கிற மீன்கள் உண்டு. கொடுவா உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் இரண்டையும் தாங்குகிற கெட்டியான மீன். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நிற்கிறவருக்குக் கொடுத்துவிடலாம் என்று ஆரம்பித்தால் அதற்கு முடிவு எது? இன்றைக்கு ஒருவர், நாளைக்கு நாலு பேர். அப்புறம் விடுவது என்ற பேச்சே இருக்காது.

இப்படிச் சொல்லும்போதே அந்தத் தண்ணீரில் யார் யார் நிற்கிறார்கள் என்பதும் கண்ணில் படுகிறது. அதே கழியில் இருளர் பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பனையோலைப் பறிக் கூடையைப் பல்லில் கடித்திருப்பார்கள், இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமே. நாங்கள் கலர் கலராகக் கயாக்கில் அவர்களைத் தாண்டிப் போவோம். கொடுவா குறைந்துபோனது இவர்கள் கையாலா? எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் கழியில் படிந்து கிடப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அடையாற்று முகத்துவாரத்தில் என்ன தண்ணீர் ஓடுகிறது என்று சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீச்சு வலைக்காரர் ஒருவரிடம் போய் முட்டை மீன் என்று பாடம் நடத்துவது சுலபம். மற்ற இடங்களில் போய் யார் நடத்துவது?

முட்டுக்காட்டிலேயே உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் பண்ணை இருக்கிறது. இந்தியாவிலேயே முதல் முறையாகக் கொடுவாவைத் தொட்டியில் வைத்து முட்டையிடச் செய்து குஞ்சு பொரித்தது அவர்கள்தான், 1997ல். கொடுவாவுக்கு என்ன குறை, குஞ்சுதான் பொரிக்கிறார்களே என்று நண்பர் ஒருவர் சொன்னார். அந்தக் குஞ்சுகள் பெரும்பாலும் போவது வளர்ப்புப் பண்ணைகளுக்கு. கழியில் ஓடுகிற கொடுவா தானாகப் பிறந்து தானாகத் தப்பித்து வந்தது. அதனால்தான் அதை விட வேண்டும் என்கிறேன். பாருங்கள், எங்கே சுற்றினாலும் கடைசியில் விட வேண்டும் என்றுதான் வந்து நிற்கிறேன். அது உண்மையான நம்பிக்கையா, இல்லை இந்த வேலைக்கு வந்த பிறகு ஒட்டிக்கொண்டதா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அப்பாவிடம் போனில் சொன்னேன். விடுவதைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "அங்க கிலோ என்ன போவுது?" என்று கேட்டார். விலையைச் சொன்னேன். மனதுக்குள் பெருக்கிப் பார்த்திருப்பார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உனக்கு அவங்க சம்பளம் ஒழுங்கா குடுக்குறாங்கள்லா?" என்றார். குடுக்கிறார்கள் என்றேன். "அப்ப சரி" என்றார். எங்கள் ஊரில் லாஞ்சு காலை ஐந்துக்குப் போய் இரவு ஒன்பதுக்குள் கரைக்கு வந்தாக வேண்டும். அவ்வளவு நேரத்துக்குள் டீசல் காசையாவது எடுக்க வேண்டும் என்று வலை இழுக்கிறவர், எட்டு கிலோ மீனை விட்டுவிட்டு வந்த மகனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் என் காரணத்தைச் சொல்லி வாதாடியிருப்பேன்.

பெரியவரை அதற்குப் பிறகும் பார்த்தேன். பார்த்தால் கை தூக்குவார். தண்ணீர் எப்போது ஏறும், எந்தப் பக்கம் மடவை நிற்கிறது என்று அவராகவே சொல்வார். அவர் சொன்ன இடத்தில் போய்த்தான் வாடிக்கையாளர்களுக்கு மீன் காட்டினேன். அந்தக் காசு எனக்கு வந்தது. ஒருநாள் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தார். அந்த மீனைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அடுத்த சீசனுக்கு வரச் சொல்லி, என்னை வேலைக்கு எடுத்தவரிடமிருந்து இப்போது அழைப்பு வந்திருக்கிறது. வருகிறேன், ஆனால் இரண்டு விஷயம் என்று பதில் அனுப்பினேன். படம் எடுப்பதென்றால் மீன் தண்ணீருக்குள் இருக்கும்போதே எடுக்க வேண்டும். தேறாது என்று தெரிகிற மீனை விடாமல், வலை போடுகிறவர்களில் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும், இதைக் கரையிலேயே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவேன். முதலாவதற்குச் சரி என்றார். இரண்டாவதற்கு, தேறுமா தேறாதா என்பதை யார் முடிவு செய்வது என்று கேட்டு அனுப்பியிருக்கிறார். நியாயமான கேள்விதான். நான் என்று எழுதினேன், அழித்தேன், திரும்பவும் நான் என்றே எழுதி அனுப்பியிருக்கிறேன்.