திருவொற்றியூர் கடலோரத்தில் 250 கோடி வருடத்துக் கற்கள்

வடசென்னைக்குச் சொந்தமாக ஒரு குன்று கிடையாது. ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரைக்கும் நாம் நிற்பது ஆறும் கடலும் கொண்டுவந்து சேர்த்த மணல் மேலும் களிமண் மேலும்தான். அப்படி இருந்தும், பூமிக்கு அடியில் பாறைகள் எப்படி உருமாறுகின்றன என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களை நான் திருவொற்றியூர் கடற்கரைக்குத்தான் போகச் சொல்வேன். பரங்கிமலையில் பாறை காலகாலமாக வெயிலிலும் மழையிலும் கிடந்து மேல்தோல் மங்கிப்போயிருக்கிறது. இங்கே அலையைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கற்கள் குவாரியில் வெடி வைத்து உடைத்தவை. ஒவ்வொன்றும் தன் உள்பக்கத்தைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது.

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ 2021 பிப்ரவரியில் வந்தபிறகு இந்தப் பக்கம் வருவது சுலபமாகிவிட்டது. தேரடி ஸ்டேஷனில் இறங்கி, தியாகராஜர் கோயிலில் கொஞ்ச நேரம் கருங்கல் தூண்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பட்டினத்தார் சமாதி இருக்கும் கடற்கரைப் பக்கம் நடந்தேன். கண்டெய்னர் லாரிகள் ஓயாத சாலை அது. கடக்கும்போது கவனம் வேண்டும்.

கற்கள் இங்கே வந்ததற்குத் துறைமுகம்தான் காரணம். நம் கரையோரமாக வருடம் முழுக்க மணல் நகர்கிறது, மொத்தத்தில் அதன் போக்கு தெற்கிலிருந்து வடக்கு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பியதும் மணல் தெற்கே தேங்கியது, மெரினா அகலமானது. வடக்கே மணல் வரத்து நின்றுபோய்க் கடல் உள்ளே ஏறியது. மீனவர் தெருக்களே போயின. அதைத் தடுக்கத்தான் லாரி லாரியாக இந்தக் கருங்கல்.

ஆட்டோ அளவுக்கு இருந்த ஒரு கல்லின் பக்கத்தில் குந்தினேன். ஒரு ஓரத்தில் வெடிமருந்துக்காகத் துளை போட்ட தடம், பாதிக் குழாய் போல நேராக இறங்கியிருந்தது. உடைந்த முகம் கருப்பு என்று தூரத்தில் தோன்றும், கிட்டே போனால் கரும்பச்சை, எண்ணெய் தடவிய மாதிரி ஒரு மினுமினுப்பு. கைலென்ஸை வைத்தால் லேசாக நீலம் ஓடிய குவார்ட்ஸ், வெயிலைத் திருப்பியடிக்கும் ஃபெல்ஸ்பார், நடுவில் பழுப்பு கலந்த கருப்பில் ஹைப்பர்ஸ்தீன் என்ற தாதுவின் மணிகள். காக்காப்பொன் (மைக்கா) செதில் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. இதுதான் சார்னோகைட் என்ற பாறை. அடுத்த கல் நைஸ் என்ற உருமாறிய பாறை: வெள்ளையும் கருப்புமாக வரிவரியாகப் போய், ஓரிடத்தில் வரிகள் அத்தனையும் சேர்ந்து மடிந்து திரும்பியிருந்தன. ஒரு பக்கமாக விழும் அழுத்தத்தில் தாதுக்கள் அதற்குக் குறுக்கே வரிசைகட்டி வளர்ந்ததால் வந்த வரி. கல் இப்படி மடியுமா என்று கேட்கிறவர்கள் இந்தக் கல்லை ஒருதரம் பார்க்க வேண்டும்.

மேலே உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ரொம்ப நேரமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாமா, கல்லுல இன்னா தேடுற?" என்றார்.

"இந்தக் கல்லு இருபது இருபத்தஞ்சு கிலோமீட்டர் ஆழத்துல, எழுநூறு எண்ணூறு டிகிரி சூட்டுல வெந்ததுண்ணா. அதத்தான் பாக்குறேன்."

"அவ்ளோ சூட்டுல உருகிப் போயிருக்காதா?"

கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். செங்குன்றம் தாண்டி செங்கல் சூளை பார்த்திருப்பீர்கள். களிமண் உருகி ஓடாமலேயே வேறு பொருளாகிவிடுகிறது. உருமாற்றமும் அப்படித்தான், பாறை திடமாக இருந்தபடியே உள்ளுக்குள் தாதுக்கள் கலைந்து புதிதாகக் கூடுகின்றன. உருகிவிட்டால் அப்புறம் அது தீப்பாறைக் கணக்கில் போய்விடும். 25 கிலோமீட்டர் ஆழத்தில் மேலே இருக்கும் பாறையின் பாரம் மட்டும் நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல ஏழாயிரம் மடங்குக்குக் கிட்டத்தட்ட வரும்.

வெப்பம், அழுத்தம் என்ற இரண்டைத்தான் பள்ளியில் நாங்கள் மனப்பாடம் செய்தோம். தண்ணீரை யாரும் சொல்லித்தரவில்லை. என்னைக் கேட்டால் சார்னோகைட்டின் கதையே தண்ணீர் கதைதான். காக்காப்பொன், ஹார்ன்பிளெண்ட் போன்ற தாதுக்களின் படிகக் கட்டமைப்புக்குள்ளேயே நீர் இருக்கிறது. சூடு ஏற ஏற அவை குலைந்து, அந்த நீரை விட்டுவிட்டு, நீரே இல்லாத ஹைப்பர்ஸ்தீனாக மாறுகின்றன. நான் தேடிய செதில் கிடைக்காததற்குக் காரணம் அதுதான். தண்ணீர் இருந்தால் இந்த மாதிரிப் பாறை 650, 700 டிகிரியிலேயே உருக ஆரம்பித்துவிடும், உலர்ந்த பாறை 900 டிகிரியிலும் தாக்குப்பிடிக்கும். தென்னிந்தியச் சார்னோகைட் படிகங்களுக்குள் சிறைபட்ட மிக நுண்ணிய குமிழ்களில் கரியமில வாயு கிடைத்திருக்கிறது. ஆழத்திலிருந்து ஏறிவந்த அந்த வாயுவும் பாறையை உலர்த்தியிருக்கும் என்பது ஒரு விளக்கம்.

பெயருக்கும் சென்னையோடு தொடர்பு உண்டு. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலந்து, அது சென்னைப் பக்கத்துக் கல் என்று கண்டு 1893இல் அந்தப் பெயரையே பாறைக்கு வைத்தார். அவர் இதைத் தீப்பாறை என்றே எண்ணினார், தீப்பாறையா உருமாறிய பாறையா என்ற விவாதம் வெகுகாலம் ஓடியது. 1960இல் புவியியலாளர் சி. எஸ். பிச்சமுத்து, கர்நாடகத்துக் கப்பல்துர்காவில் நைஸ் பாறைக்கு நடுவே திட்டுத்திட்டாகச் சார்னோகைட் உருவாகியிருப்பதை விவரித்தார். ஒரே பாறையில் பாதி மாறியும் பாதி மாறாமலும் நிற்கும் இடம் அது. அங்கே ஒருமுறை போய்வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பெரியவரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. சூட்டுக்குத் தண்ணீரெல்லாம் முதலிலேயே வெளியேறிவிட்டது, அதனால்தான் உருகவில்லை என்றேன். "சரி, அத்தினி ஆழத்துலேர்ந்து மேல எப்டி வந்துச்சு?" என்று விடாமல் கேட்டார். நிலம் உயர உயர, மேலே இருந்ததை மழையும் ஆறும் கோடிக்கணக்கான வருடங்களாக அரித்துக்கொண்டு போயின, அடியில் இருந்தது வெளியே வந்தது. வருகிற வழியில் அது ஏன் பழையபடி மாறிவிடவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. பின்னோக்கி மாறவும் தண்ணீர் வேண்டும். அது கிடைக்கவில்லை, பாறையும் ஆறிவிட்டது. ஆறிய பாறையில் அணுக்கள் எளிதில் இடம்பெயராது. அதனால் சுமார் 250 கோடி வருடத்துக்கு முன்பு ஆழத்தில் கூடிய தாதுக்களின் கூட்டணி அப்படியே உறைந்து நின்றுவிட்டது. வடசென்னையின் மணலையும் களிமண்ணையும் தாண்டித் தோண்டிக்கொண்டே போனாலும் கடைசியில் எட்டுவது இதே குடும்பத்துப் பாறையைத்தான்.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். அலை தொடும் கற்களில் பாசி வழுக்கும், மேல்வரிசையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே கொஞ்சம் பழைய கல்லாகப் பார்த்து உடைந்த விளிம்பில் லென்ஸை வைத்தால், கரும்பச்சைக்கு வெளியே மெல்லிய பழுப்புக் கரை ஒன்று தெரியும். ஹைப்பர்ஸ்தீனில் இருக்கும் இரும்பு, ஈரமும் காற்றும் பட்டுத் துருவேறத் தொடங்கிய இடம் அது.