அந்த டேபிள்ல எந்த நம்பர்?

நம்ம ஃபீல்டுல இருக்கறவங்களுக்கு இது சின்ன விஷயமா படலாம், எனக்கு மனசை விட்டுப் போகல. சீசியம் லெட் ப்ரோமைட்ங்கற பெரோவ்ஸ்கைட் வகை நானோகிரிஸ்டலை (நானோ அளவு படிகம்) பிஇடி பிளாஸ்டிக் ஷீட் மேல கோட் பண்ணி, வளைச்சாலும் வேலை செய்ற லைட் சென்சார் ஒண்ணு பண்ணோம். பேப்பர் அனுப்பறதுக்கு முன்னாடி ஜூனியர் பொண்ணு வந்து கேட்டா, "அண்ணா, டிடெக்டிவிட்டிய டார்க் கரண்ட்ல இருந்து கணக்கு போட்டிருக்கோம், ஆனா நாய்ஸை நேரா அளந்தா பத்து மடங்குக்கு மேல குறையுதே, எதைப் போடுறது?" டிடெக்டிவிட்டின்னா சென்சார் எவ்வளவு மங்கலான ஒளியைப் பிடிக்கும்னு சொல்ற நம்பர், பெருசா இருந்தா நல்லது. டார்க் கரண்ட்னா வெளிச்சமே இல்லாதப்ப ஓடுற கரண்ட், நாய்ஸ்னா சிக்னல்ல தானா வர்ற ஏற்ற இறக்கம்.

கணக்கு போட்டதை மெயின் டேபிள்ல போடு, அளந்ததை சப்போர்ட்டிங்ல (பேப்பரோட இணைப்புல) போடுன்னு சொன்னேன். மறைக்கல. கம்பேர் பண்ற பேப்பர்ல முக்கால்வாசி ஷாட் நாய்ஸ் (கரண்ட் எலக்ட்ரான் எலக்ட்ரானா ஓடுறதால வர்ற நாய்ஸ்) மட்டும்தான் இருக்குன்னு வச்சு டார்க் கரண்ட்ல இருந்து கணக்கு போட்டதுதான், நாம மட்டும் அளந்ததைப் போட்டா நம்ம டிவைஸ் மோசம்னு ஆயிடும், அது உண்மையில்லையே. இப்பவும் அந்த நியாயம் எனக்குச் சரியாத்தான் படுது.

ஆனா அவ விடல. "அண்ணா, இன்ட்ரோல நாடித்துடிப்பு பாக்கலாம்னு எழுதியிருக்கோமே, துடிப்பு ஒண்ணு ரெண்டு ஹெர்ட்ஸ்தான?" அங்கதான் நான் பேச்சை மாத்திட்டேன். ஃப்ளிக்கர் நாய்ஸ்னு இன்னொரு வகை, ஃப்ரீக்வென்சி கீழ போகப் போக ஏறும், பெரோவ்ஸ்கைட்ல அயனிகள் வேற நகரும், அதனால அந்த ஒண்ணு ரெண்டு ஹெர்ட்ஸ்லதான் நம்ம கணக்கு ரொம்ப விலகிப் போகும். அவளே ஸ்ட்ரிப்பை வெர்னியர் காலிப்பர் ஜாவுக்கு நடுவுல வச்சு திரும்பத் திரும்ப வளைச்சுப் பாத்திருந்தா. யூவி டார்ச் அடிச்சா பச்சை அப்படியே ஒளிருது, டார்க் கரண்டும் பெருசா மாறல, மைக்ரோஸ்கோப்ல மட்டும் ஐடிஓங்கற, மின்சாரம் கடத்துற ஒளிபுகும் பூச்சுல மயிரிழை மாதிரி விரிசல், அளந்த நாய்ஸ் ஏறியிருக்கு. கணக்குல அந்த விரிசல் வரவே வராது.

2015ல சூரிச் ஈடிஎச் யுனிவர்சிட்டில இந்த நானோகிரிஸ்டலைப் பண்ணிக் காட்டினதுல இருந்து எல்லாரும் நம்பர் பின்னாடி ஓடுறோம், ஓடாம இருந்தா ஃபண்டிங் யாரு தருவா, இதையும் சொல்லணும்ல. அந்த டேபிள் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். அடுத்த பேப்பர்ல ரெண்டு நம்பரையும் ஒரே டேபிள்ல பக்கத்துப் பக்கத்துல போடலாம்னு சார்கிட்ட கேட்டிருக்கேன், "ரிவ்யூவர் சின்ன நம்பரை மட்டும்தான்யா பாப்பான்"னு சொல்றார், அவர் சொல்றதும் நடக்கக்கூடியதுதான்.